தன்கதையும் தன்மதிப்பும்

(வெள்ளி விழா இலக்கிய அரங்கில் ஆற்றிய உரை)

 

'இலக்கியமும் சமுதாயமும்' என்னும் தலைப்பில் உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். பரந்த தலைப்பு அது. சங்கப் பாடலில் தொடங்கினால் விடியும் வரை பேசலாம். கேட்பதற்குத்தான் ஆள் இருக்கமாட்டார்கள். நமக்கு முன் பேசிய நண்பர்கள் உதவித்தொகை பற்றியும் போட்டித் தேர்வு பற்றியும் பயனுள்ள செய்திகளைக் கூறிச் சென்றார்கள். இவற்றுக்கிடையே கதையும் கவிதையும் எதற்கு என்று இளைஞர்கள் எண்ணக்கூடும். ஆகவே தலைப்பைச் சுருக்கிக் கொள்கிறோம். நம் மக்கள் தம் வாழ்க்கையைத் தாமே எழுதிய நூல்கள் சில உள. அவற்றுள் ஒன்றிரண்டைப் பற்றியும், அவற்றால் நாம் நாணமுற்ற ஒரு நிகழ்ச்சியைப் பற்றியும் மட்டும் கூறுவோம்.

நம் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மதுரை வண்டியில் ஏறினால் வாசுதேவநல்லூர், சிவகிரி, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் கடந்து கிருட்டிணன்கோவில் வரும். அங்கிருந்து மேற்கே பிரிந்தால் வத்திராயிருப்பு. அதனை அடுத்த புதுப்பட்டி என்னும் சிற்றூரிலே 1958 ஆம் ஆண்டு பிறந்தவர் எழுத்தாளர் பாமா. நமக்கு மேற்கே தெரிகின்ற அதே மலைத்தொடர்தான் அவர் ஊருக்கும் மேற்கே நிற்கிறது. அங்கும் குளத்துப் பாசனம். அங்கும் வயற்காட்டு வேலை. அங்கும் மேலத்தெரு, கீழத்தெரு. அவர் 1992 இல் வெளியிட்ட 'கருக்கு' என்னும் நூல் இன்று பல பல்கலைக்கழகங்களில் பாடமாக இருக்கிறது. இலட்சுமி ஓம்சுடிராம் அதனை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு கிராஸ்வேர்ட் பரிசும் பெற்றது. ஆயினும் இரண்டு மூன்று மணி நேரப் பேருந்துத் தொலைவில் உள்ள நம் ஊரில் அதனைப் படித்தவர் எத்தனை பேர்? கை தூக்கச் சொல்லி உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. நாமே வெளிவந்து பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தோம்.

கருக்கு என்றால் என்ன என்று நம் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை. பனைமட்டையின் இருபுறமும் வாள்போல் பல்வரிசை இருக்குமே, அதுதான். விறகு பொறுக்கப் போய்க் கை கிழிபடாதவர் நம் தெருவில் யார்? அந்நூலில் கதைத் தலைவிக்குப் பெயர் இல்லை. ஆண்டு வரிசையும் இல்லை. ஒரே செய்தி இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வரும். பேசும்போது நாம் எப்படிப் பேசுகிறோமோ அப்படி. 'நான்' என்று தொடங்கும் பேச்சு, சிறிது தொலைவு சென்றதும் 'நாங்க' என்று மாறிவிடும். நம் கூட்டங்களில் 'நான்' என்னாமல் 'நாம்' என்றே பேசும் வழக்கம் நமக்கும் உண்டல்லவா? ஒருவன் பட்ட இழிவு அவன் ஒருவனுடையதாக மட்டும் இருந்ததில்லை என்பதே அதற்குக் காரணம்.

அந்நூலில் ஒரு சிறு நிகழ்ச்சி. மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வருகிறாள். தெருவில் அவள் இனத்துப் பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலம் ஒன்றை அதன் கயிற்று நுனியில் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கை படாமல் நிலக்கிழாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சிறுமிக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. தொட்டால் தீட்டு என்பதற்காகவே அப்படித் தூக்கிச் சென்றார் என்று விளக்குகிறான். நன்றாகப் படித்து முன்னேறினால்தான் இந்நிலை மாறும் என்றும் கூறுகிறான். அந்த அண்ணன்தான் பின்னாளில் பெரிய ஆய்வாளராக விளங்கி, 2024 இல் மறைந்த பேராசிரியர் ராஜ் கௌதமன். அவரும் 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் நூலில் அதே வாழ்க்கையைத் தம் நோக்கில், நிறைந்த நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். ஒரே வீட்டில் பிறந்த அண்ணனும் தங்கையும் ஒரே தெருவை எழுதினார்கள். ஆனால் இருவர் கண்ட தெருவும் ஒன்றன்று. இதனைப் பின்னர் கூறுவோம்.

மற்றொரு நிகழ்ச்சி நம்மைப் போன்ற தலைமையாசிரியர்களுக்கு உறைக்க வேண்டியது. பள்ளியில் விளையாடும்போது ஒரு தேங்காய் விழுந்துவிட, திருடியவள் என்று அச்சிறுமி மீது பழி சுமத்தப்படுகிறது. அப்பள்ளித் தலைமையாசிரியர் பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லித் திட்டி அவளை வெளியே நிறுத்துகிறார். அப்பக்கத்தைப் படித்தபோது நாம் அமர்ந்திருந்ததும் ஒரு தலைமையாசிரியர் நாற்காலியே. நாம் எவரையும் சாதி சொல்லித் திட்டியதில்லை. ஆனால் வேறொன்று செய்தோம்.

பல ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப் பாடம் நடத்திக் கொண்டிருந்த காலத்தில், ஒன்பதாம் வகுப்புக்கு 'என் தாய்' என்னும் கட்டுரையை எழுதக் கொடுத்தோம். அனைவரும் தாய் தெய்வம் என்றும், அவள் அன்பு கடலினும் பெரிது என்றும் துணைநூலைப் பார்த்து எழுதியிருந்தனர். நம் தெரு மாணவி ஒருத்தி மட்டும் வேறு எழுதியிருந்தாள். தாய் எலுமிச்சைத் தோட்டத்தில் காய் பறித்துவிட்டு வந்து, கையில் தைத்த முள்ளை இரவில் விளக்கடியில் ஊசியால் எடுப்பதையும், தந்தை குடித்துவிட்டு வந்து அக்கூலியைக் கேட்டு அடிப்பதையும், அடிபட்ட பிறகும் தாய் எழுந்து உலை வைப்பதையும் எழுதியிருந்தாள். எல்லாம் வீட்டுப் பேச்சுத் தமிழில். நாம் என்ன செய்தோம்? சிவப்பு மையை எடுத்துக் கொச்சைச் சொற்கள் பதினெட்டையும் வட்டமிட்டோம். பத்துக்கு மூன்று மதிப்பெண் வழங்கினோம். போதாக்குறைக்கு, 'வீட்டுச் சண்டை கட்டுரைக்கு உரிய பொருள் அன்று' என்று அடியில் எழுதினோம். அவள் ஏட்டை வாங்கிப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையைத் துணைநூலைப் பார்த்து எழுதினாள். அதற்கு எட்டு மதிப்பெண் கொடுத்தோம். பத்தாம் வகுப்புக்கு அவள் வரவில்லை. தாயோடு தோட்டத்துக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். நம் மதிப்பெண்ணால்தான் அவள் நின்றாள் என்று கூற முடியாது. வறுமை முன்னமே காத்திருந்தது. ஆனால் அவள் வாய் திறந்த ஒரே இடத்தில் அதை மூடியவர் நாமே.

'கருக்கு' நூலில் உள்ள தமிழ் நாம் வட்டமிட்ட அதே தமிழ். இலக்கண நூல் கற்ற நமக்குத் தொடக்கத்தில் அது பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன்? நம் பிள்ளைகள் செந்தமிழ் எழுதக் கற்க வேண்டும் என்பதில் இன்றும் நமக்கு ஐயமில்லை. தேர்வும் வேலையும் அதனையே கேட்கின்றன. ஆனால் தாய் பேசும் மொழியை இழிமொழி என்று கருதும் பிள்ளை, நாளடைவில் தாயையும் அவ்வாறே கருதத் தொடங்கும். இவ்விரண்டையும் எப்படிச் சேர்த்துக் கற்பிப்பது என்பதற்கு நம்மிடம் முழுமையான விடை இல்லை. இப்போது இரண்டு ஏடுகள் வைக்கச் சொல்கிறோம். ஒன்றைத் திருத்துகிறோம், மற்றொன்றைப் படிக்க மட்டும் செய்கிறோம்.

நம்மவர் தன்கதை எழுதியது பாமாவிலிருந்து தொடங்கியதன்று. 1930 இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனார் 1939 இலேயே 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் சிறு நூலை வெளியிட்டார். கோயமுத்தூரில் படித்த காலத்தில் தம் குலமும் இருப்பிடமும் பிற மாணவருக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களுடன் நெருங்கிப் பழகாமல் ஒதுங்கியிருந்ததை அதில் குறிக்கிறார். அவரே பின்னர் 1893 இல் ஒரு பத்திரிகை தொடங்கியபோது, எந்தப் பெயரை மறைத்தாரோ அப்பெயரையே, 'பறையன்' என்று, அதற்குத் தலைப்பாக இட்டார். இளைஞர்களே, வெளியூரில் வேலைக்குச் செல்லும்போது முகவரி கேட்டால் தெருப் பெயரை விழுங்கி ஊர்ப் பெயரை மட்டும் சொல்கிறீர்களே, நாமும் அப்படித்தான் சொன்னோம். அண்ணல் அம்பேத்கரும் சிறுவயதில், 1901 இல், கோரேகாவில் பணியிலிருந்த தந்தையைக் காணச் சென்ற பயணத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். நல்ல உடை இருந்தது, கையில் காசு இருந்தது, கட்டுச்சோறும் இருந்தது. இன்ன குலம் என்று அறிந்ததும் வண்டிக்காரன் இரட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளே மாட்டை ஓட்டி வரட்டும் என்று தான் நடந்து வந்தான். இரவு முழுவதும் குடிநீர் கிடைக்கவில்லை. அரசியல் சட்டம் வரைந்த மேதையாக அவரை அறிந்த நம் பிள்ளைகள் தாகத்தோடு அமர்ந்திருந்த பத்து வயதுச் சிறுவனாக அவரை அறிந்ததில்லை. சிலைக்கு மாலையிடுவதோடு இக்கதையையும் சொல்ல வேண்டும்.

இனி, முன்னர் நிறுத்திய இடத்துக்கு வருவோம். அண்ணனும் தங்கையும் கண்ட தெரு ஒன்றன்று என்றோம். பாமாவின் இரண்டாவது நூல் 'சங்கதி', 1994 இல் வந்தது. அதில் தெருவே பெண்களின் தெரு. ஒரு கதைத்தலைவி இல்லை. பாட்டிமார், தாய்மார், கிழிந்த பாவாடைச் சிறுமியர் அனைவரும் பேசுகின்றனர். ஆண்பிள்ளை அழுதால் உடனே தூக்குவதும், பெண்பிள்ளை அழுதால் அழட்டும் என விடுவதும், அவனுக்கு முதல் சோறு, அவளுக்கு மிஞ்சிய சோறு என்பதும் அதில் வருகின்றன. ஆணும் பெண்ணும் ஒரே வயலில் வேலை செய்து கூலியில் வேறுபடுவதும் வருகிறது. மாரியம்மா என்னும் இளம்பெண்ணின் கதை நம்மை உறங்கவிடவில்லை. விறகு எடுக்கச் சென்ற அவளிடம் நிலக்கிழார் ஒருவன் முறைகேடாக நடக்க முயல்கிறான். அவள் தப்பி ஓடுகிறாள். தன் குட்டு வெளிப்படும் என்றஞ்சிய அவன், முந்திக்கொண்டு அவள் மீதே பழி சுமத்துகிறான். ஊர்க்கூட்டம் கூடுகிறது. கூட்டத்தில் இருப்பவர் யார்? நம் தெரு ஆண்கள். உண்மை தெரிந்த பெண்கள் வாய் திறந்தால் அதட்டப்படுகின்றனர். முடிவில் அப்பெண்ணுக்கே தண்டம். அவளோடு சேர்த்துப் பழிக்கப்பட்ட இளைஞனுக்கு விதித்ததைக் காட்டிலும் கூடுதல் தண்டம்.

மேலே இருப்பவன் செய்த கொடுமையைப் பற்றி மேடையில் முழங்குவது எளிது. அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். நம் கூட்டத்தில் நாம் செய்ததை எழுதினால்? 'கருக்கு' வெளிவந்த புதிதில் பாமாவின் ஊராரே அவர் மீது சினந்தனர்; சில மாதங்கள் அவர் ஊருக்குள் செல்ல இயலாத நிலை இருந்தது. வீட்டு அழுக்கை வீதியில் அலசுவதா என்பதே அவர்கள் வினா. படித்த இளைஞர்கள் நூலைப் படித்து எடுத்துரைத்த பின்னரே சினம் தணிந்தது. அதற்கும் முன்னர், 1989 இல், ப. சிவகாமி அவர்கள் 'பழையன கழிதலும்' என்னும் புதினத்தை எழுதினார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். 2008 இல் அதனைத் துறந்தவர். அப்புதினத்தில் காத்தமுத்து என்பவர் நம் மக்களுக்காக வழக்காடும் தலைவர். வீட்டுக்குள் இரு மனைவியரையும் மகள் கௌரியையும் ஆட்டிப் படைப்பவர். இயக்கத்துக்கு இழுக்கு என்று சிலர் குறை கூறினர். சிவகாமி பின்வாங்கவில்லை, அக்குறைகளையே எடுத்துக்கொண்டு 'ஆசிரியர் குறிப்பு' என்று மற்றொரு நூல் எழுதினார். காத்தமுத்தைப் படித்தபோது நமக்கு நான்கைந்து முகங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று கண்ணாடியில் காணும் முகம். வீட்டிலுள்ளவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் இதற்கு மேல் விளக்கவில்லை.

நமக்குக் கீழும் ஒருவரை வைத்திருக்கிறோம் என்பதை அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த இமையம் 1994 இல் 'கோவேறு கழுதைகள்' நூலில் காட்டினார். நம் மக்களுக்குத் துணி வெளுத்துப் பிழைக்கும் ஆரோக்கியம் என்னும் மூதாட்டியின் கதை அது. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. படித்துவிட்டு எதிர்ப்பவர் எதிர்க்கட்டும். நம் தெருக்களில் இரவுச் சோற்றுக்கு ஏனம் ஏந்தி நின்றவர்களை நாம் எப்படி அழைத்தோம் என்பதை அறுபது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

தம்பிமார்களில் பலர் 'அசுரன்' படத்தை 2019 இல் பலமுறை கண்டிருப்பீர்கள். அதன் மூலம், கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி 1982 இல் எழுதிய 'வெக்கை' என்னும் சிறு புதினம். படம் பார்த்தவர்கள் நூலையும் எடுத்துப் பாருங்கள்; அதில் முழக்கம் குறைவு, தந்தையும் மகனும் காட்டில் மறைந்து திரியும் நாட்களே மிகுதி. அதே வட்டாரத்துச் சோ. தருமன், 'சூல்' நூலுக்காகச் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர், தம்மைத் 'தலித் எழுத்தாளர்' என்று அடைமொழியிட்டு அழைப்பதை ஏற்பதில்லை. பாமாவோ அவ்வடைமொழியைப் பெருமையுடன் ஏற்கிறார். இருவரில் யார் சரி என்று ஒரு மாணவன் நம்மை வினவினான். மற்றவர் இட்ட பெயரை அணிவதா, தானே தேர்ந்த பெயரை அணிவதா என்பது அவரவர் உரிமை என்றோம். அவ்விடை அவனுக்கு நிறைவளிக்கவில்லை. நமக்கும் முழு நிறைவில்லை.

மராத்திய நாட்டில் பல்தன் என்னும் ஊரில் பேபி காம்பிளே என்றொரு அம்மையார் இருந்தார். சிறு கடை நடத்தியவர். பொட்டலம் மடிக்க வரும் பழைய தாள்களைப் படித்துப் படித்தே வாசிப்பை வளர்த்துக்கொண்டவர். தம் இனத்தின் கதையைக் கடையிலேயே அமர்ந்து எழுதினார். எழுதியதைக் கணவர் கண்ணில் படாமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒளித்து வைத்தார். 1986 இல் நூலாக வந்தது. மறைத்து வைக்க வேண்டியிருந்தது அயலாரிடமிருந்து அன்று என்பதைக் கவனியுங்கள்.

இதனைப் படித்த பின்னர், வெள்ளி விழா மலருக்காக நம் சங்கத்தின் பழைய சந்தாப் பேரேட்டை எடுத்துப் பார்த்தோம். தொடக்க ஆண்டுகளில் மாதம் பத்து ரூபாய் சந்தா. அது கூலியில் பெரும்பகுதி தாய்மார்கள் கையிலிருந்தே வந்தது என்பது ஊரறிந்தது. சனிக்கிழமை எலுமிச்சைக் கமிஷன் கடை வாசலில் நின்று வாங்கி வந்ததை மறுக்க யாருமில்லை. ஆனால் பேரேட்டின் முதல் மூன்று ஆண்டுப் பக்கங்களில் ஒரு பெண்ணின் பெயரும் இல்லை. எல்லாம் கணவன் பெயர். கணவன் இறந்திருந்தால் மகன் பெயர். அப்பேரேட்டில் பாதிக் கையெழுத்து நம்முடையது.

ஆகவே சென்ற கோடை விடுமுறையில் மாணவர் நால்வரையும் மாணவியர் மூவரையும் அழைத்துக்கொண்டு, தெருவிலுள்ள மூத்த தாய்மார்களிடம் சென்று கேட்டு எழுதத் தொடங்கினோம். சில விதிகள் வகுத்துக்கொண்டோம். சொல்பவர் சொன்ன சொல்லையே எழுதுவது. எழுதி முடித்ததும் அவருக்குப் படித்துக் காட்டுவது. வேண்டாம் என்று அவர் கூறும் பகுதியை நீக்கிவிடுவது. உயிரோடிருக்கும் பிறர் பெயரை இடாமல் விடுவது. பாமாவின் ஊர் சினந்ததை அறிந்ததால் கற்ற பாடம் இது. முதல் வாரம் ஆண் மாணவர்கள் சென்ற வீடுகளில் பஞ்சம், மழை, தேர்தல் பற்றி மட்டுமே செய்தி கிடைத்தது. மாணவியர் சென்ற வீடுகளில் பிள்ளைப்பேறு, கடன், அடி, பாட்டு, எல்லாம் கிடைத்தன. பின்னர் ஆண் பிள்ளைகளைப் பேரேடு எழுத வைத்துவிட்டு மாணவியரையே அனுப்பினோம்.

அவர்கள் எழுதி வந்ததில் ஒன்றை மட்டும் கூறுவோம். எண்பதை நெருங்கும் ஒரு தாயார். இளமையில் பள்ளியில் சேர்க்கப்படவில்லை, தம்பியைச் சேர்த்தார்கள். அவனுக்கும் இளைய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு, சன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருப்பாராம். உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும்போது வெளியே இவரும் முணுமுணுப்பாராம். தம்பிக்கு வரவில்லை, இவருக்கு வந்துவிட்டது. எழுத்து ஒன்றும் அறியாத அத்தாயார் இன்றும் பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கிறார். எலுமிச்சை எண்ணும் இடத்தில் அவர் கணக்குத் தவறியதே இல்லை என்பதற்கு அன்றைய வியாபாரிகளே சான்று. இச்செய்தி அவர் பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. கேட்டவர் இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்ட நாமே சென்றோம். முழுவதையும் கேட்டுவிட்டு, "ஏய்யா, இதையெல்லாமா புத்தகத்துல போடுவீய?" என்றார். போடுவோம் என்றோம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எம் பேரப் போடுவீயளா, அவுக பேரப் போடுவீயளா?" என்று கேட்டார்.

கேட்டு எழுதிய பதினொரு ஏடுகளும் சங்க அலுவலக அலமாரியில் உள்ளன. பிழை திருத்தம் செய்யப்படவில்லை. பன்னிரண்டாவது ஏட்டில் பேரேட்டின் முதல் மூன்று ஆண்டுச் சந்தாதாரர் பட்டியலைத் தாய்மார்கள் பெயரில் புதிதாக எழுதத் தொடங்கியுள்ளோம். இருபத்தேழு பெயர்களே இதுவரை தெரிந்துள்ளன. தத்தம் வீட்டில் கேட்டறிந்து வரும் பெயர்களை ஞாயிறு மாலைகளில் அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.